லாஷ்லியின் 16 தட்டல்கள்: ஒரு மறுவாசிப்பு

கார்ல் லாஷ்லியின் 'நடத்தையில் வரிசை ஒழுங்கு என்ற சிக்கல்' கட்டுரையை மூன்றாவது தடவையாகப் படித்தேன். 1948-ல் கால்டெக்கில் நடந்த ஹிக்ஸன் கருத்தரங்கில் பேசியது, 1951-ல் அச்சானது. அதிலிருந்து பலரும் எடுத்துச் சொல்வது ஒரு எண்ணைத்தான்: இசைக்கலைஞரின் விரல்கள் விநாடிக்கு 16 தடவை வரை தட்டும். நானும் ஒரு பழைய குறிப்பில் அதை வைத்துத்தான் வாதாடியிருந்தேன். இப்போ பார்த்தா, அந்தக் கட்டுரையிலேயே பலவீனமான வாதம் அதுதான்னு தோணுது.

அவர் எதிர்த்தது சங்கிலிக் கொள்கையை. ஒரு அசைவின் உணர்வு மூளைக்குப் போய் அடுத்த அசைவைக் கிளப்பும் என்பது அது. விநாடிக்கு 16 என்றால் ஒரு தட்டலுக்கு 60 மில்லிவிநாடி சொச்சம். செய்தி போய்த் திரும்ப அந்த நேரம் போதாது என்கிறார். சரி. ஆனால் இதில் அறுந்துபோவது விரல் வழியாகப் போய்வரும் சங்கிலி மட்டுமே. மூளைக்குள்ளேயே ஒரு கட்டளை அடுத்த கட்டளையைத் தூண்டினால்? வேகத்தைக் காட்டி அதை மறுக்க முடியாது.

மறுப்பது தவறுகள்தான். போன வாரம் 'கத்தியும் பாத்திரமும்' என்று சொல்ல வந்து 'பத்தியும் காத்திரமும்' என்று உளறினேன். பின்னால் வரவேண்டிய ஒலி முன்னால் குதித்துவிட்டது. சங்கிலி இன்னும் போய்ச் சேராத கண்ணி எப்படி முந்திக்கொண்டு வரும்? வாய் திறக்கும்போதே அதுவும் தயாராக இருந்திருக்கணும். இந்த மாதிரித் தவறுகளை லாஷ்லியும் சொல்கிறார். நாம்தான் எண்ணைப் பிடித்துக்கொண்டு இதை விட்டுவிட்டோம்.

அவர்மேல் எனக்கு ஒரு குறையும் உண்டு. எல்லாம் ஒரே நேரத்தில் தயார் என்றால் வரிசையைத் தருவது எது? 'ஒழுங்கின் வரைவு' என்று பேர் வைக்கிறார். அது வேலை செய்யும் விதத்தைச் சொல்லவில்லை. ரூமல்ஹார்ட்டும் நார்மனும் 1982-ல் தங்கள் தட்டச்சு மாதிரியில் அதற்கு ஒரு விடை வைத்தார்கள்: எல்லா எழுத்துகளும் ஒன்றாக விழித்திருக்கும், முன்னது பின்னதை அடக்கிவைக்கும். 'பி-ஓ-ஓ-கே' அடிக்கப் போய் 'பி-ஓ-கே-கே' விழுகிறதே, அதற்கும் விளக்கம் இருக்கிறது: 'இரட்டி' என்பது தனிக் கட்டளை, அது தப்பான எழுத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஆக, பழைய குறிப்பைத் திருத்திக்கொள்கிறேன். வேகம் ஒரு சந்தேகத்தைத்தான் கிளப்பும், சாட்சி சொல்வது தவறு. அடுத்த தடவை நாக்கு குழறினால் சிரிச்சுட்டு விட்டுடாதீங்க. எழுதி வையுங்க.