உப்பு இங்கே, உயர்வு எங்கே?

சங்கப் புலவர் பாடிய எயிற்பட்டினம் இதுவே என்று மரக்காணத்தைச் சுட்டிப் பெருமை பேசுகிறோம். பழம்பெருமை பாத்தி வெட்டுமா?

நாட்டின் உப்பில் முக்கால் பங்கை அளிப்பது குசராத்து, தமிழகத்துக்கு இரண்டாமிடம். ஏற்றுமதியிலும் அங்கிருந்து செல்வதே பெரும்பங்கு. நம் உழைப்பாளி சோம்பேறியா? அல்லவே! அங்கே பரந்த அளங்கள், இயந்திரங்கள், அருகே துறைமுகங்கள். இங்கே சிறு பாத்திகள், கைப்பலகை. வடகிழக்குப் பருவமழை வந்தால் பாத்தி வெள்ளத்தில், பாட்டாளி பட்டினியில்!

வெளிநாட்டு இரசாயன ஆலைகள் கேட்பது கால்சியமும் மக்னீசியமும் கழுவிக் குறைத்த உப்பு. கழுவும் ஆலைக்கு முதல் வேண்டும். குத்தகை நிலத்தை நம்பிக் கடன் தருவார் யார்?

"தலைவிதி" என்பர் பழமைவாதிகள். விதியன்று, வகுத்த ஏற்பாடு! அரசியல் சட்டம் உப்பை ஒன்றியப் பட்டியலின் 58-ஆம் இனமாக வைத்தது. உப்பு ஆணையரின் தலைமையகமோ செய்ப்பூரில்! அலை இங்கே, ஆணை பாலைநிலத்திலே!

குசராத்துக்கும் அதே சட்டந்தானே என்பீர். ஆம், ஆனால் பெருமுதலுக்குத் தன் பலமே துணை, சிற்றளத்தானுக்கு அரசன்றித் துணை ஏது? 1974-இல் உப்பு நிறுவனம் தொடங்கி, வலிநோக்கத்தில் அளம் நடத்தும் தமிழக அரசால் மரக்காணத்தில் கூட்டுறவுக் கழுவாலை அமைக்க இயலாதா? உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்ன நாடு, உப்பு விளைவிப்பவரை மறக்கலாமா?