பெட்டியில் 1200, கணினியில் 11.3

புதிய பிராட்பேண்ட் திட்டத்தோடு வந்த வைஃபை ரௌட்டர் ஒன்று சில வாரங்களாக புனே பக்கத்துச் சிஞ்ச்வட்டில் எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஏசி1200 ரகம், நான்கு ஆன்டெனா, இரண்டு அலைவரிசை. சிக்னல் கடைசி அறையின் மூலை வரை போகிறது. கரன்ட் போனால் 12 வோல்ட் சின்ன யுபிஎஸ்ஸில் விடாமல் ஓடுகிறது. இத்தனைக்கும் பிறகு கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்திருப்பேன். ஒரே ஒரு குறை தடுக்கிறது, அது மற்ற எல்லா நல்லதையும் விழுங்கிவிட்டது.

நான் பணம் கட்டுவது 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு. ஆனால் பெரிய கோப்பு எதை இறக்கினாலும் கணினியில் விநாடிக்கு 11.3 எம்பி என்றே காட்டுகிறது. விடியற்காலையில் 11.3, நள்ளிரவிலும் 11.3. பிம்ப்ரி சிஞ்ச்வட் தொழிற்சாலைகளுக்கு வியாழக்கிழமைதான் வார விடுமுறை. வீட்டுக்கு வீடு படம் ஓடும் அந்த நாளின் சாயங்காலத்திலும் அதே 11.3.

நெரிசலில் குறைகிற வேகம் இப்படி இருக்காது. அது ஏறும், இறங்கும், சில நேரம் நின்றே போகும். ஒரே எண்ணில் ஆணி அடித்தாற்போல் நிற்கிறது என்றால் வழியில் ஏதோ ஒரு கருவி ‘இதற்கு மேல் என்னால் ஆகாது’ என்கிறது என்று பொருள். எந்தக் கருவி என்று கண்டுபிடிக்க அலகு மாற்றும் கணக்கு மட்டும் போதும்.

இணைப்பு விற்பவர்கள் பிட்டில் எண்ணுகிறார்கள், கோப்பு இறக்கும் பிரௌசர் பைட்டில் எண்ணுகிறது. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே 300ஐ எட்டால் வகுத்தால் 37.5, எனக்கு விநாடிக்கு ஏறத்தாழ அவ்வளவு எம்பி வந்திருக்க வேண்டும். திருப்பிப் போட்டால், 11.3ஐ எட்டால் பெருக்க 90.4 வருகிறது. இது 300 இல்லை, 100கூட இல்லை. பலர் இந்த இடத்தில் கணக்கை விட்டுவிடுவார்கள். இன்னும் இரண்டு படி இருக்கிறது.

கணினி ‘எம்பி’ என்று காட்டுவது பெரும்பாலும் 1024ஐ 1024ஆல் பெருக்கிய 10,48,576 பைட். நெட்வொர்க்காரர்களின் மெகா சரியாகப் பத்து லட்சம். அந்த வித்தியாசத்தைச் சேர்த்தால் 11.3 என்பது 11.85 ஆகிறது, எட்டால் பெருக்கினால் 94.8. அடுத்தது, ஈதர்நெட் கேபிளில் ஒரு முழுப் பாக்கெட் போக 1538 பைட் இடம் பிடிக்கிறது. அதில் நம் கோப்பின் தரவு 1460 பைட்தான்; மீதி முகவரி, சரிபார்ப்பு, பாக்கெட்டுகளுக்கு நடுவே விடும் இடைவெளி. அதாவது நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து. 94.8ஐ அந்த விகிதத்துக்கு உயர்த்திப் பாருங்கள், நூறு வந்து நிற்கும்.

நூறு என்றதும் குற்றவாளி சிக்கிவிட்டது. இந்தப் பெட்டியில் இணையக் கேபிளைச் செருகும் போர்ட் பழைய 10/100 வகை. அட்டைப் பெட்டியின் முகப்பில் 1200 பெரிதாக இருக்கிறது. 10/100 என்பது பின்பக்கப் பட்டியலின் கடைசி வரியில், எறும்பெழுத்தில். அந்த 1200 எப்படி வந்தது தெரியுமா? 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு 300, 5 கிகாஹெர்ட்ஸுக்கு 867, கூட்டினால் 1167, அதை மேலே தூக்கி 1200. எந்தக் கைபேசியும் இரண்டு அலைவரிசையையும் கூட்டி அந்த ரௌட்டரில் ஓட்டப் போவதில்லை. போதாக்குறைக்கு, காற்றில் எவ்வளவு வேகம் இருந்தாலும் இணையம் முழுக்க அந்த நூறு எம்பிபிஎஸ் போர்ட் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். வீட்டுக்குள் இரண்டு அங்குலக் குழாய் போட்டுவிட்டு, தெருவிலிருந்து அரை அங்குலத்தில் இணைப்பு எடுத்தது போல.

புகார் கொடுத்ததும் ஒரு பையன் வந்தான். ரௌட்டரின் செயலியைத் திறந்து, என் கைபேசியின் பெயருக்கு எதிரே 866 என்று இருந்ததைக் காட்டினான். “ஸ்பீட் பரோபர் ஆஹே, அண்ணா” என்றான் மராத்தியில், வேகம் சரியாகத்தான் இருக்கிறது என்று. இந்தப் பக்கத்தில் தென்னாட்டுக்காரர் எல்லோரும் அண்ணாதான். 866 என்பது கைபேசியும் ரௌட்டரும் காற்றில் பேசிக்கொள்ள ஒப்புக்கொண்ட வேகம், இணையத்தின் வேகமில்லை என்றேன். அவன் கைபேசியிலேயே ஸ்பீட்டெஸ்ட் ஓட்டினோம். 94. வைஃபையில் அப்படித்தான் குறையும் என்றான். சரி, வைஃபையே வேண்டாம் என்று ரௌட்டரிலிருந்த கேபிளைப் பிடுங்கி, ஃபைபர் வந்து முடிகிற ஓஎன்டி பெட்டியிலிருந்து நேராக மடிக்கணினிக்குக் கொடுத்து, யூசர்நேம் பாஸ்வேர்டு போட்டு ஓட்டினோம். 285. அதே கோப்பு விநாடிக்கு முப்பத்துமூன்று எம்பிக்கு மேல் இறங்கியது. பையன் திரையைப் படம் பிடித்து ஆபீஸ் குழுவுக்கு அனுப்பினான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். 866ஐக் காட்டிவிட்டு வா என்றுதான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

எனக்கு ஆத்திரம் அந்தச் செயலி மேல். முகப்பில் நடப்பு வேகத்தைக் கிலோபைட்டில் காட்டுகிறது. உள்ளே போனால் எம்பிபிஎஸ். மாதக் கணக்குப் பக்கத்தில் ஜிபி. எது பிட், எது பைட் என்று பிரிப்பது ஆங்கில எழுத்து ‘பி’ சிறியதா பெரியதா என்பது மட்டும். சாம்பல் நிறப் பொடி எழுத்தில் அதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. அலகை மாற்றிக்கொள்ள அமைப்புகளில் ஓர் இடம் கிடையாது. ஊக்லாவின் ஸ்பீட்டெஸ்டில் அந்த வசதி இருக்கிறது. விளையாட்டு விற்கும் ஸ்டீமில்கூட ஒரு டிக் போட்டால் பைட் பிட்டாக மாறிவிடும். வேகத்தைக் காட்டுவதற்கென்றே செய்த ரௌட்டர் செயலியில் இது இல்லாதது பெரிய அலட்சியம்.

பிட்டில் எண்ணும் பழக்கம் தந்தி, தொலைபேசிக் கம்பி நாளிலிருந்து வருவது; கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பிட்தான் போகும், ஆகவே பொறியாளர்களுக்கு அது இயல்பு. சாமானியருக்கு அதில் எதுவும் புரிவதில்லை. 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் இணையத்தைப் பொதுமக்களுக்குத் திறந்தபோது டயல்-அப் வேகம் 9.6 கேபிபிஎஸ், விநாடிக்கு 1.2 கிலோபைட். 2004இல் அரசு 256 கேபிபிஎஸ் இருந்தால் பிராட்பேண்ட் என்றது. அது 32 கிலோபைட். 2013இல் 512 ஆனது, 64 கிலோபைட். 2023இலிருந்து 2 எம்பிபிஎஸ், அதாவது கால் எம்பி. கையில் எவ்வளவு வந்து சேரும் என்ற இரண்டாவது எண்ணை விளம்பரத்தில் யாரும் அச்சிட்டதில்லை. பக்கத்துப் போசரியிலும் சிஞ்ச்வட்டிலும் உதிரிபாக வரைபடங்களை அனுப்பிப் பெறும் சின்னப் பட்டறைகளுக்கு அந்த எண்தான் வேண்டும். 4 ஜிபி கோப்பு இந்த ரௌட்டரில் ஆறு நிமிடம். கட்டிய பணத்துக்கு இரண்டு நிமிடத்துக்குள் முடிந்திருக்க வேண்டும்.

உங்கள் திட்டம் நூறு எம்பிபிஎஸ் அல்லது அதற்குக் கீழே என்றால் இந்தப் பெட்டியைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றும் நஷ்டமில்லை. அதற்கு மேல் என்றால் வேண்டாம். கடையில் 1200, 1500, 3000 என்ற எண்களைப் பார்க்காமல் போர்ட் பட்டியலில் 10/100/1000 இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் ஏற்கெனவே 11.3 அல்லது அதை ஒட்டி ஓர் எண் அசையாமல் நின்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். கிகாபிட்டுக்கு எட்டு இழையும் வேண்டும், ஒன்று அறுந்தாலும் வேகம் நூறுக்கு இறங்கிவிடலாம். கேபிள் சரியாக இருந்தால் போர்ட்தான். இணைப்பு கொடுத்தவரிடம் கிகாபிட் ரௌட்டர் கேளுங்கள். எனக்குத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், பெட்டி இன்னும் வரவில்லை.