மாண்டவர் தொகையும் மன்னர் வாய்மொழியும்

அசீரிய வரலாற்றுள் புகுவோர் முதலில் கேட்பது மன்னர்தம் குரலையே. கல்லிலும் களிமண்ணிலும் பொறிக்கப்பெற்ற அக்குரல் தோல்வி என்பதை அறியாதது. மெய்க்கீர்த்திகளில் பழகிய நமக்கு அத்தொனி புதிதன்று. அதனை எவ்வளவு நம்பலாம் என்று துணிந்து கேட்டவருள் முதன்மையானவர் அமெரிக்க அறிஞர் ஏ. டி. ஓம்ஸ்டெட் (1880–1945).

இரண்டாம் சார்கோன் காலத்து மேற்காசியாவைப் பற்றி 1908-இல் நூல் வெளியிட்ட அவர், 1916-இல் 'அசீரிய வரலாற்றெழுதியல்' என்னும் சிறுநூலில் ஒரு விதி வகுத்தார். ஒரே போரை ஒரு மன்னன் பலமுறை பொறிக்கச் செய்திருப்பின், நிகழ்ச்சிக்கு மிக அண்மையில் எழுந்த பொறிப்பையே சான்றாகக் கொள்ளவேண்டும்; பின்னையவை சுருக்கியும் பெருக்கியும் திரிந்தவை என்பது அவ்விதி. அளவிற் சிறிதாயினும் அவருடைய ஆக்கங்களுள் இதனையே யாம் தலையாயதாக மதிக்கிறோம்.

விதியை ஓரிடத்தில் உரைத்துப் பார்ப்போம். கி.மு. 853-இல் ஒரோண்டஸ் ஆற்றையடுத்த கர்க்காரில், தமாஸ்கஸ் மன்னனும் இஸ்ரேல் மன்னன் ஆகாபும் சேர்ந்த கூட்டணியை மூன்றாம் சல்மனேசர் எதிர்த்தான். மாண்ட பகைவர் 14,000 என்கிறது முதலில் எழுந்த ஒற்றைக்கல். காளைச் சிற்பங்களின் பொறிப்போ 25,000 என்கிறது. அசூர் நகரச் சிலையொன்று 29,000 என்கிறது. போர் முடிந்தபின்னும் மாண்டவர் பெருகிக்கொண்டே போகும் விந்தையை என்னென்பது! ஓம்ஸ்டெட்டின் ஐயம் நியாயமானதே.

ஆனால் காளைப் பொறிப்புக்குப் பத்தாண்டுகளுக்கும் மேல் பிந்திய கறுப்புத் தூண் 20,500 என்று குறைத்துச் சொல்கிறது. காலம் செல்லச் செல்ல எண் ஒழுங்காக ஏறவில்லை. அன்றியும் முதல் எண்ணான 14,000-மும் மன்னன் வாய்மொழியே அன்றோ? கி.மு. 849, 848, 845 ஆகிய ஆண்டுகளில் அதே கூட்டணி மீண்டும் அவனை எதிர்த்து நின்றது. முற்றாக வென்றவன் மும்முறை படையெடுப்பானேன்? முந்தியது என்பதனாலேயே ஒன்று மெய்யாகிவிடாது.

பிந்திய பொறிப்பைத் தள்ளுவதில் இழப்பும் உண்டு. எசர்ஹதோன், தான் அரியணை ஏறிய வரலாற்றைச் சில ஆண்டுகள் கழித்தே, கி.மு. 673-இல் விரித்துப் பொறிக்கச் செய்தான். அடுத்த ஆண்டு, மூத்தவனல்லாத அசூர்பனிபாலைத் தன் பின்னோனாக அறிவித்தான். மூத்தோரை விலக்கித் தானும் அரசுரிமை பெற்றதை ஏன் அப்போது நினைவூட்டினான் என்பது விளங்குகிறதன்றோ? 1983-இல் இதனை நுணுகிக் காட்டியவர் ஹயிம் தத்மோர். பழுதென்று ஒதுக்கத்தக்க பொறிப்பு, அது எழுந்த ஆண்டின் அரசியலுக்கு முதற்சான்றாகிவிடுகிறது. ஓம்ஸ்டெட்டின் அளவுகோலில் இதற்கு இடமில்லை.

1923-இல் வந்த அவருடைய பெருநூலாகிய 'அசீரிய வரலாறு' படிக்க இனியது. அவ்வினிமையே எமக்கு உறுத்தலாகவும் இருக்கிறது. ஐயம் கற்பித்த ஆசிரியரே பல பக்கங்களில் மன்னனின் நடைக்கு மயங்கி, அவனுடன் அணிவகுத்துச் செல்கிறார்.

ஏ. கே. கிரேசன் தலைமையில் டொராண்டோவிலிருந்து 1987 முதல் வெளிவந்த அசீரியத் தொகுதிகள் வெவ்வேறு பொறிப்புகளைத் தனித்தனியே பதிப்பித்தன. 1996-இல் வந்த தொகுதியில் சல்மனேசரின் நான்கு எண்களும் அவ்வவற்றுக்குரிய பொறிப்பில் அப்படியே நிற்கின்றன.