கரையேறியவள் கொடுத்த விலை

மனிதரின் மரியாதைப்பட்ட சமூகத்துக்குள் நுழைய வந்த கடற்கன்னியரில் எச். ஜி. வெல்ஸின் நாயகிதான் கெட்டிக்காரி. 1902இல் நூலாக வந்த ‘தி சீ லேடி’யில், மூழ்குவதுபோல் பாசாங்கு செய்தே ஃபோக்ஸ்டன் கரையிலுள்ள ஒரு கௌரவமான வீட்டுக்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறாள். வாலைத் துணியால் போர்த்தி, சக்கர நாற்காலியில் இருத்தி, மிஸ் வாட்டர்ஸ் என்று பெயரும் வைத்து, வாய் திறவாத பணிப்பெண் ஒருத்தியையும் அமர்த்துகிறார்கள். வால் இருந்துவிட்டுப் போகட்டும், ஊருக்குத் தெரியக் கூடாது. அவ்வளவுதான் வீட்டாரின் கவலை. மேட்டுக்குடி வாழ்க்கையை அவள் கடலடியில் கிடைத்த புத்தகங்களிலிருந்து படித்து வைத்திருந்தாள் என்பது வெல்ஸின் குறும்பு.

1837இல் ஆண்டர்சன் படைத்த பேதைப் பெண் கால்களுக்காக நாக்கையே கொடுத்தாள். ஃபூக்கேயின் நீரணங்கு உண்டினே (1811) ஆன்மாவுக்காக மணம் முடித்தாள்.

கடற்கன்னி என்றதும் ஆய்வாளர்கள் இவர்களையே சுற்றிவருவதும், மகாபாரதத்துச் சத்தியவதியை விட்டுவிடுவதும் எனக்கு ஒப்பவில்லை. மீன் வயிற்றில் பிறந்து யமுனையில் ஓடம் விட்டவள். அவளிடம் வால் கிடையாது; மீன்வாடைதான் குறுக்கே நின்றது. அது தொழிலின் வாடை, குலத்தின் வாடை. பராசரர் வரத்தால் மச்சகந்தி பரிமளகந்தியானாள். அந்த மணத்தைத் தொடர்ந்து வந்த சந்தனுவிடம் செம்படவர் தலைவன் பெண்ணைச் சும்மா தூக்கிக் கொடுக்கவில்லை. மகள் வயிற்றுப் பிள்ளைக்கே அரியணை என்றான். அரியணையைத் துறந்து அந்த விலையைக் கொடுத்தவன் சந்தனுவின் மகன் தேவவிரதன். கரையிலிருந்தவர்கள் விலை கொடுத்த கதை இது ஒன்றுதான் என் கண்ணில் பட்டது.

மன்னார்க் கரையில் 1560இல் பிடிபட்ட ‘கடற்கன்னியரை’ மருத்துவர் ஒருவர் அறுத்துப் பார்த்ததாக யேசு சபைக் குறிப்பு உண்டு. ஆவுளியாக்களாகத்தான் இருந்திருக்கும், பாவம். மட்டக்களப்பின் பாடும் மீனோ கரைக்கு வரவேயில்லை. நிலா இரவில் தோணியிலிருந்து துடுப்பின் ஒரு முனையை வாவியில் அமிழ்த்தி, மறுமுனையில் காது வைத்துக் கேட்பார்கள். 1848இல் அதைக் கேட்ட, இலங்கையின் காலனியச் செயலாளர் எமர்சன் டெனன்ட் சிப்பியினங்களின் ஒலி என்று கருதினார். ஊர் தன் சின்னமாகக் கடற்கன்னியை வைத்துக்கொண்டது.

கடலிலிருந்து வந்து நிலத்தோடு கலந்த மனிதர்களைப் பார்க்க வேண்டுமானால் மாத்தளை மாவட்டத்து வஹகோட்டைக்குப் போக வேண்டும். கண்டி இராச்சியத்துக்குள் குடியமர்ந்த போர்த்துக்கேயரின் வழிவந்த கத்தோலிக்கர் அங்கே இருக்கிறார்கள். ஆண்டர்சனின் பெண்ணைப்போல இவர்களும் நாக்கைத்தான் கொடுத்தார்கள்: சில தலைமுறைக்கு முன்வரை பேசிய போர்த்துக்கேயக் கிரியோல் போய், இப்போது சிங்களம். விட்டுக்கொடுக்காதது அந்தோனியாரை. லிஸ்பனில் பிறந்த அவர், ரிமினி நகரத்தார் செவிசாய்க்க மறுத்தபோது மீன்களுக்குப் பிரசங்கம் செய்தாராம். அவை நீருக்கு மேல் தலை நீட்டி ஒழுங்காகக் கேட்டனவாம். எந்த வரவேற்பறையிலும் அதைவிட நல்ல நடத்தையைக் காண முடியாது. வஹகோட்டையார் இழந்த அந்தக் கிரியோல், மட்டக்களப்புப் பறங்கியர் சிலரின் வீடுகளில் இன்னும் புழங்குகிறது.