தாவுவதற்கு முன்னால் ஒரு அரைமணி நேரம்

'ஜம்ப் லண்டன்' ஆவணப்படத்தை நேற்று மறுபடி பார்த்தேன். 2003-ல் பிரிட்டனின் சேனல் 4-க்காக மைக் கிறிஸ்டி எடுத்தது. செபாஸ்டியன் ஃபூக்கானும் இரண்டு நண்பர்களும் ராயல் ஆல்பர்ட் ஹால், குளோப் நாடக அரங்கு, பெல்ஃபாஸ்ட் போர்க்கப்பல் என்று ஓடித் தாவுவார்கள். முதல்முறை வாயைப் பிளந்துகொண்டு பார்த்த படம். இந்தமுறை ஒரு குறை உறுத்திக்கிட்டே இருந்தது.

பார்க்கூர் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக ஒரு கோடு போடுவார்கள். டேவிட் பெல் பக்கம் ஒழுக்கம், பயன். தீயணைப்பு வீரரான அப்பா ரேமோனிடமிருந்து வந்தது. ஃபூக்கான் பக்கம் விளையாட்டு, தன் வழியைத் தேடும் ஆன்மிகம். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. பாரிஸுக்குத் தெற்கே லிஸ் என்ற சின்ன ஊரில் இவங்க எல்லாரும் சேர்ந்துதான் சுவர் ஏறிக் குதித்தார்கள். பார்க்கூர் என்ற பெயரே ராணுவப் பயிற்சித் தடத்துக்கான பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. சிப்பாய்களின் பயிற்சி பையன்களின் ஆட்டமானது. இதில் எங்கே கோடு போடுறது?

ஆன்மிகம் என்று ஒன்று இருந்தால் அது தாவலில் இல்லை, அதற்கு முன்னால் இருக்கு. தரையில் நூறு தடவை தாண்டிய அதே தூரம்தான். இரண்டு மாடி உயரத்தில் வைத்தால் கால் நகராது. விளிம்புக்கு வருவார்கள், பின்வாங்குவார்கள், மறுபடி வருவார்கள். சில சமயம் அரைமணி நேரம் ஆகும். சில நாள் தாவாமலே வீட்டுக்குப் போய்விடுவதும் உண்டு. இந்தத் தயக்கத்தைக் கடப்பதை 'தாவலை உடைப்பது' என்கிறார்கள். உடைவது சுவர் இல்லை என்று அவங்களுக்குத் தெரியும். படம் இந்த நிமிடங்களுக்குப் போதிய இடம் தரவில்லை. தொலைக்காட்சிக்காரர்களுக்கு அரைமணி நேரம் சும்மா நிற்கிறவனை வைத்து என்ன செய்ய!

விளையாட்டும் கொஞ்சம் நீர்த்துப் போகுது. விளையாட்டுக்கென்று தனியாக வகுத்த இடமும் நேரமும் உண்டு என்றார் ஹூய்சிங்கா (1938). பார்க்கூருக்கு அந்த எல்லைக்கோடே கிடையாது. பாட்டி பிடித்துக்கொண்டு படியேறும் அதே கைப்பிடிக் கம்பிதான் ஆடுகளம். காவலாளி வந்து விரட்டினால் ஆட்டம் முடிந்தது. முன்கூட்டியே அனுமதி வாங்கி, கேமராவும் வைத்து ஓடும்போது அந்த நிச்சயமின்மை போயிடுது. கூரை மட்டும்தான் மிச்சம்.

இன்னொன்று. சத்தமில்லாமல் இறங்குவதுதான் நல்ல பார்க்கூருக்கு அடையாளம். முழங்காலைக் காப்பாற்றுவதும் அதுதான். ஒருத்தர் எப்படி இறங்குகிறார் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். படத்தில் அதற்கு வழியில்லை. கால் தரையைத் தொடும் இடங்களில் பெரும்பாலும் பின்னணி இசைதான் கேட்குது.