குன்றக் கூறலா, சுருங்கச் சொல்லலா? - மைல்ஸ் டேவிஸின் தொடக்க கால இசைத்தட்டுக்கள்

நன்னூலார் நூற்குற்றங்களைத் தொகுத்தவிடத்துக் குன்றக் கூறலை முதற்கண் வைத்தார். நூலழகுகளைத் தொகுத்தவிடத்துச் சுருங்கச் சொல்லலை முதற்கண் வைத்தார். புறத்தோற்றத்தில் இவையிரண்டும் ஒன்றுபோலவே காணப்படும். இரண்டிடத்தும் சொற்கள் சிலவே. எனினும் ஒன்று வறுமையால் விளைவது. மற்றையது தேர்ச்சியால் விளைவது. இசைக்கும் இவ்வேறுபாடு பொருந்தும். அமெரிக்க ஜாஸ் இசைவாணராகிய மைல்ஸ் டேவிஸ் இளமையில் ஊதிய இசைத்தட்டுக்களை மதிப்பிடப் புகுவோர் முதலில் தீர்க்கவேண்டிய வினாவும் இதுவேயாம்.

1940ஆம் ஆண்டை அடுத்து, நியூயோர்க் நகரின் ஹார்லெம் பகுதியிலிருந்த மின்ரன்ஸ் என்னும் இரவு விடுதியிலும் அதுபோன்ற பிற இடங்களிலும் பீபொப் என்னும் புதிய இசைநெறி உருவாயிற்று. டிஸி கில்லெஸ்பி, சார்ளி பார்க்கர், தெலோனியஸ் மங்க், கெனி கிளார்க் முதலியோர் அதனை வளர்த்தவர்கள். கடுகிய நடை, சிக்கலான சுரக்கூட்டுக்கள், எதிர்பாராத திருப்பங்கள் என்பன அதன் இயல்புகள். ஆயின், 1942 ஓகஸ்ற் 1ஆந் திகதி தொடக்கம் அமெரிக்க இசைவாணர் சங்கம் இசைத்தட்டுப் பதிவை மறுத்து நின்றது. பெருங் கம்பனிகளுள் இரண்டு 1944 நவம்பர் வரை இணங்கவில்லை. ஆதலின் அந்நெறியின் குழவிப் பருவம் பெரும்பாலும் தட்டிற் பதியாதே போயிற்று. 1945இல் வெளிவந்த தட்டுக்களைக் கேட்டோர்க்கு அது திடீரெனத் தோன்றிய புதுமையாய்ப் பட்டமை வியப்பன்று.

1926இற் பிறந்த மைல்ஸ், 1944இல் ஜூலியாட் இசைக் கல்லூரியிற் பயிலும்பொருட்டு நியூயோர்க் வந்தார். வந்தவர் கல்லூரியினும் பார்க்கரையே பெரிதும் நாடினார். 1945 நவம்பர் 26ஆந் திகதி சவோய் கம்பனிக்காகப் பார்க்கர் குழுவினர் இசைத்தபோது, ட்ரம்பெற் ஊதும் பொறுப்பு பத்தொன்பது வயதினரான மைல்ஸிடம் ஒப்படைக்கப்பட்டது.

அன்றைய பதிவில் அவர்பாற் குறைகள் இல்லையெனல் பொருந்தாது. 'பில்லீஸ் பவுன்ஸ்' என்னும் உருப்படியில் அவர் ஒலி மெலிந்தும் தயங்கியும் செல்கின்றது. கில்லெஸ்பி எளிதில் எட்டிய உச்சத் தானங்களை அவர் நாடவில்லை. அன்றே பதிவான 'கோ கோ' கடுவிரைவுடையது. அதில் ட்ரம்பெற் ஊதியவர் கில்லெஸ்பியே. அவ்வுருப்படிக்குத் தாம் அன்று ஆயத்தமாயிருக்கவில்லை என்பதை மைல்ஸ் பின்னாளில் தம் வரலாற்றில் ஒளியாது ஒப்புக்கொண்டார். இதுவரை நோக்கின் குன்றக் கூறல் என்னும் தீர்ப்பே கிடைக்கும்.

ஆயினும் அதே நாளிற் பதிவான 'நவ்ஸ் த ரைம்' அத்தீர்ப்பை மறுக்கின்றது. பார்க்கரின் சாக்ஸபோன் சுரங்களை மழையெனப் பொழிந்து ஓய்ந்தபின் மைல்ஸ் தொடங்குகின்றார். இடைத் தானத்தில், அதிர்வு மிகாத நேரிய ஒலியில், சில சுரங்களை எடுத்து ஒன்றோடொன்று பொருந்த வைக்கின்றார். சுரங்களுக்கு இடையே விட்ட மௌனமும் இசைக்கு உறுப்பாகின்றது. சிலவாய சுரங்களால் அகன்ற ஒலி காட்டிய பிரெடி வெப்ஸ்ரரின் செல்வாக்கை ஈண்டு உணரலாம். இப்பகுதி மறக்கப்படவில்லை என்பதற்குச் சான்றுண்டு: 1958இல் 'மைல்ஸ்ரோன்ஸ்' என்னும் தொகுப்புக்காகப் பதிவான 'ஸ்ரெயிற் நோ சேசர்' என்னும் உருப்படியில், பியானோ வாசித்த ரெட் கார்லண்ட் இதனைச் சுரக்கூட்டுக்களாக விரித்து மீண்டும் இசைத்தார். வறிய கூற்றாயின் பதின்மூன்றாண்டின் பின் ஒரு கலைஞன் அதனை எடுத்தாளான்.

1947 ஓகஸ்ற் 14ஆந் திகதிப் பதிவு வளர்ச்சியை நன்கு காட்டும். அன்று தலைமை மைல்ஸினுடையது. பார்க்கரோ தம் வழக்கமான ஆல்ற்றோ சாக்ஸபோனை விடுத்து ரெனர் சாக்ஸபோன் ஊதினார். 'ஹாவ் நெல்சன்' முதலிய நான்கு உருப்படிகளிலும் நடை அமைதியுறுகின்றது, தயக்கம் நீங்குகின்றது, சுருக்கம் மட்டும் நிலைக்கின்றது. குறையாயின் பயிற்சியால் நீங்கியிருக்கும். நீங்காது நின்றமையின் அஃது அவர்தம் இயல்பே எனத் துணியலாம். 1949, 1950ஆம் ஆண்டுகளில் ஒன்பதின்மர் குழுவோடு அவர் செய்த பதிவுகளுக்கு வித்து ஈண்டே உளது.

எனவே வினாவுக்கு விடை ஒன்றன்று. 1945இல் இரண்டும் ஒருங்கே இருந்தன. கைக்கு எட்டாதது இது, கருத்துக்கு வேண்டாதது இது எனப் பிரித்தறிந்து, பிறர் வேகத்தைப் போலிசெய்யாது தம் குரலைத் தேடியமையே மைல்ஸின் திறம். தொடக்க காலப் படைப்புக்களை மதிப்பிடுவோர் குறையைக் கண்டவுடன் ஏட்டை மூடுதல் தகாது. அக்குறையினருகே வளர்ந்துகொண்டிருக்கும் குணத்தையும் நாடுதல் வேண்டும்.