கொக்கி யாருக்கு எட்டும்?

தொப்பியும் கோட்டும் மாட்டுவதற்குச் சுவரில் ஒரு தாங்கி வேண்டும். இதைவிட எளிதான டிசைன் கணக்கு இருக்குமா என்றுதான் தோன்றும். ஒரு பலகை, நாலு கொக்கி, ரெண்டு ஸ்க்ரூ. முடிந்தது கதை. ஆனால் பேப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்தால் முதல் கோட்டிலேயே சண்டை ஆரம்பிக்கிறது. தொப்பி கேட்பது வேறு, கோட் கேட்பது வேறு.

தொப்பிக்கு எடை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, ஆனால் அதற்கு விளிம்பு உண்டு. கொக்கி சுவரை ஒட்டி இருந்தால் விளிம்பு சுவரில் முட்டி வளைந்துபோகும். முனை கூராக இருந்தால் தொப்பியின் உச்சியில் புடைப்பு விழும். அதனால் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி நிற்கிற, தலை உருண்ட முளைதான் தொப்பிக்குத் தோது. கோட்டின் பிரச்சினை எடை. பனியில் நனைந்து வந்த கம்பளிக் கோட் மூன்று கிலோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சுவரிலிருந்து 8 செ.மீ. தள்ளி அது தொங்குகிறது. கொக்கித் தகட்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ, தகட்டின் கீழ்விளிம்பிலிருந்து 4 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்த அதே திருப்புத்திறன் கணக்குதான்: அந்த ஸ்க்ரூவைச் சுவரிலிருந்து பிடுங்கப் பார்க்கும் இழுவை 6 கிலோ எடைக்குச் சமம். கொக்கியின் நீளத்தை இரட்டிப்பாக்கினால் 12 கிலோ. தொப்பி நீளமான கொக்கி கேட்கிறது, கோட் குட்டையான கொக்கி கேட்கிறது. பாவம், நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது சுவர்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். படித்தது மெக்கானிக்கல் என்பதால் இந்த மாதிரி அற்பக் கணக்குகளில் ஒரு தீராத ஆசை. இந்தச் சண்டையைத் தீர்த்துவைத்த இரண்டு அமெரிக்கப் பொருட்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, ஷேக்கர் சமூகத்தாரின் முளைப்பலகை. மற்றது, சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1953இல் கொண்டுவந்த ‘ஹேங் இட் ஆல்’. டிசைன் ரசிகர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் கொண்டாடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒன்று நிறைந்திருக்கும்போது அழகு, இன்னொன்று காலியாக இருக்கும்போது அழகு. மாட்டுவதற்கென்றே செய்த ஒரு பொருளைப் பொறுத்தவரை இது சின்ன வித்தியாசம் இல்லை.

முதலில் ஷேக்கர்கள். வழிபாட்டில் உடல் நடுங்க ஆடியதால் வந்த பெயர் அது. ஆன் லீ என்ற பெண்மணி ஒரு சிறு குழுவோடு 1774இல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா வந்தார். அவர்கள் வழிவந்தவர்கள் நியூயார்க், மாசசூசெட்ஸ், மெய்ன், கென்டக்கி என்று ஊர் ஊராகக் குடியிருப்புகள் அமைத்தார்கள். திருமணம் கிடையாது, தனிச்சொத்து கிடையாது. ஆணும் பெண்ணும் ஒரே கட்டடத்தில் வாழ்ந்தாலும் வாசலும் மாடிப்படியும் தனித்தனி. ஆனால் நிர்வாகத்தில் ஆண்களுக்கு இணையாகப் பெண்களும் மூத்தவர்களாக அமர்ந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இதை யோசித்துப் பார்ப்பதே பெரிய விஷயம்.

அவர்களுடைய அறைகளில் ஏறத்தாழ ஆறடி உயரத்தில் ஒரு பலகை சுவரைச் சுற்றி ஓடும். கதவுச் சட்டத்தில் முட்டி நிற்கும், மறுபக்கம் மீண்டும் தொடங்கும். அதில் சீரான இடைவெளியில் கடைசல் பிடித்த மரமுளைகள். ஒவ்வொன்றும் காளான் மாதிரி: கழுத்து ஒடுங்கி, தலை உருண்டு. தொப்பி அந்தத் தலையில் உட்காரும், கோட்டின் காது அந்தக் கழுத்தில் விழும். நான் மேலே சொன்ன சண்டையை ஒரே வளைவில் தீர்த்துவிட்டார்கள். சில குடியிருப்புகளில் முளையின் அடிப்பகுதியில் மரை போட்டுப் பலகைக்குள் திருகியிருக்கிறார்கள், பிடுங்கிக்கொண்டு வராது.

ஆனால் உண்மையான கெட்டிக்காரத்தனம் முளையில் இல்லை, பலகையில் இருக்கிறது. அந்தக் காலத்து நியூ இங்கிலாந்து வீடுகளில் உட்சுவர்கள் பெரும்பாலும் மரச்சட்டங்களின் மேல் மெல்லிய பட்டிகள் அடித்து, அதன்மேல் சுண்ணாம்புப் பூச்சு பூசியவை. அந்தப் பூச்சில் ஆணி அடித்துக் கோட்டை மாட்டினால் கோட்டோடு பூச்சும் கீழே வரும். உள்ளே சட்டம் நிற்கும் இடத்தில் மட்டும்தான் பிடிப்பு. இன்றைய அமெரிக்க வீடுகளிலும் இதே கதைதான், சட்டங்கள் வழக்கமாக 16 அங்குலத்துக்கு ஒன்று. குறுக்காக ஒரு நீளப் பலகையைப் பல சட்டங்களில் சேர்த்து அறைந்துவிட்டால், பலகையின் மேல் எங்கே வேண்டுமானாலும் முளை வைக்கலாம். எங்கள் தொழில் பாஷையில் இதற்குப் பெயர் இண்டர்ஃபேஸ். சுவருக்குள் சட்டம் எங்கே இருக்கிறது என்று முளைக்குத் தெரிய வேண்டாம். மேலே தொங்குவது என்ன என்று பலகைக்குத் தெரிய வேண்டாம்.

தெரிய வேண்டாம் என்பதால்தான் அதில் எல்லாமே தொங்கியது. தொப்பி, கோட், பெண்களின் பானட், துடைப்பம், கண்ணாடி, கடிகாரம். நாற்காலியைக்கூடத் தலைகீழாகத் தூக்கி மாட்டினார்கள். உட்காரும் பக்கத்தில் தூசி படியாது, தரையைத் தடையில்லாமல் கூட்டலாம். ஒருமுறை வேலை விஷயமாக மாசசூசெட்ஸில் இருந்தபோது, இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் ஹான்காக் குடியிருப்புக்குப் போயிருந்தேன். 1830இல் கட்டிய அந்தச் செங்கல் குடியிருப்பில் நின்றபோது எனக்கு முதலில் உறைத்தது ‘எவ்வளவு எளிமை’ என்பது அல்ல. ‘இங்கே எவ்வளவு பேர் இருந்திருக்கிறார்கள்’ என்பதுதான். முளைகளை எண்ணிக்கொண்டே போனால் ஆட்களை எண்ணுவதுபோல இருந்தது. எல்லா முளையும் ஒரே மாதிரி. மூத்தவருக்குப் பெரிய முளை, புதிதாக வந்தவருக்குச் சின்ன முளை என்று எதையும் நான் பார்க்கவில்லை.

இப்போது ஈம்ஸ். ‘ஹேங் இட் ஆல்’ குழந்தைகளுக்காகச் செய்யப்பட்டது. டென்னசியைச் சேர்ந்த டிக்ரெட் நிறுவனம் தயாரித்தது. வெள்ளைக் கம்பிச் சட்டகம், கம்பி முனைகளில் பல வண்ணங்களில் 14 மர உருண்டைகள். கம்பி நாற்காலிகளுக்காக அவர்கள் பட்டறையில் வளர்த்தெடுத்த, பல இணைப்புகளை ஒரே நேரத்தில் வெல்டிங் செய்யும் முறைதான் இதற்கும். உருண்டைகள் சீரான இடைவெளியில் இருப்பதால் ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னொன்றை மாட்டினால் கோலம் மாதிரி தொடர்ந்துகொண்டே போகும். முளையின் காளான் தலையும் இந்த உருண்டையும் ஒரே விடைதான். துணியைக் குத்தாத முனை.

குறை எங்கே என்றால், கணக்கில். சட்டகத்தின் அகலம் சுமார் 50 செ.மீ., உயரம் சுமார் 37 செ.மீ. ஒரு பெரியவரின் கோட் ஒன்றே தோள் அகலத்தில் கிட்டத்தட்ட அவ்வளவு வரும். 14 உருண்டையிலும் 14 கோட் மாட்ட முடியாது, நாலு மாட்டினாலே கீழ்வரிசை மறைந்துவிடும். நிறம் போச்சு, வடிவம் போச்சு, சுவரில் ஒரு துணி மூட்டைதான் மிச்சம். விளம்பரப் படங்களைக் கவனியுங்கள். பெரும்பாலும் வெறுமையாக இருக்கும், அல்லது ஒரே ஒரு சின்னத் தொப்பி. அதைப் பயன்படுத்தத் தொடங்கியதுமே அதன் அழகு முடிந்துவிடுகிறது என்பதுதான் என் விமர்சனம்.

இதற்கு ஈம்ஸ் தரப்பு வக்கீலாக நானே பதிலும் சொல்ல வேண்டும். அது பெரியவர்களின் கோட்டுக்காகச் செய்ததே இல்லை. குழந்தையின் குல்லா, பை, ஸ்கேட், கயிறு, பொம்மை இதற்கெல்லாம் அந்த இடைவெளி போதும். சிவப்பு என்னுது, பச்சை தம்பியுது என்று ஒரு ஐந்து வயதுப் பிள்ளை சொல்லிக்கொள்ள முடியும். ஷேக்கர் முளையில் அந்த ‘என்னுது’ கிடையாது, அவர்கள் வேண்டுமென்றே அழித்த சொல் அது. முக்கியமான விஷயம், இந்தச் சட்டகத்தை இரண்டரை அடி உயரத்தில் மாட்டலாம். ஆறடியில் ஓடும் பலகை ஒரு குழந்தைக்கு எட்டாது, குள்ளமான பெரியவருக்கும் எட்டாது. ஆக, ஈம்ஸ் பொருளின் உயிர் நிறத்தில் இல்லை, எட்டும் உயரத்தில் இருக்கிறது. இன்று அதை வாங்குகிறவர்கள் பெரியவர்கள். தங்கள் கண் உயரத்தில் மாட்டி ரசிக்கிறார்கள். பொருள் அப்படியே இருக்கிறது, அதன் காரணம் மட்டும் கழன்று விழுந்துவிட்டது.

உயரம் மாறினால் பொருளே மாறிவிடும் என்பதை 1917இல் மார்செல் துஷாம்ப் விளையாட்டாகக் காட்டியிருக்கிறார். நியூயார்க்கில் சுவரில் மாட்ட வாங்கிய கோட் தாங்கி ஒன்று தரையிலேயே கிடந்து, அவர் அதில் தடுக்கிக்கொண்டே இருந்தார். கடைசியில் அதை அங்கேயே தரையோடு சேர்த்து ஆணி அடித்துவிட்டார். ‘ட்ரெபுஷே’ என்று பெயர். சதுரங்கத்தில் ஒரு பொறிநிலையின் பெயர் அது. ‘தடுக்குவது’ என்ற பிரெஞ்சுச் சொல்லின் ஒலியும் அதில் இருக்கிறது. அதே ஆண்டு ஒரு தொப்பித் தாங்கியைக் கயிறு கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிட்டார். மூலப் பொருட்கள் இரண்டுமே தொலைந்துபோயின, இன்று இருப்பவை பிறகு செய்த பிரதிகள். கலை விமர்சகர்கள் இதைப் பற்றி நிறையச் சொல்வார்கள். எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது. கொக்கியில் ஒரு மில்லிமீட்டர்கூட மாற்றாமல், கைக்கும் அதற்கும் உள்ள தூரத்தை மட்டும் மாற்றி, தாங்கியைத் தடையாக்கிவிட்டார். அப்படியானால் நாம் இத்தனை நேரம் கொக்கியின் டிசைன் என்று பேசியதில் பாதி, அந்தத் தூரத்தின் டிசைன்தான்.

ஈம்ஸ் தம்பதியருக்கு இது தெரியாததல்ல. இந்திய அரசின் அழைப்பில், ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியோடு இங்கே சில மாதங்கள் சுற்றி, 1958இல் ‘இந்தியா ரிப்போர்ட்’ என்ற அறிக்கையைக் கொடுத்தார்கள். அகமதாபாத்தில் 1961இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கியதற்கு அதுவே வித்து. அதில் அவர்கள் சிலாகித்த பொருள் லோட்டா, நம் சொம்பு. எவ்வளவு கொள்ளும், எந்தக் கை தூக்கும், இடுப்பில் எப்படி உட்காரும், ஊற்றும்போது எப்படி இருக்கும், எப்படிக் கழுவுவது என்று கேள்விகளை அடுக்கிக்கொண்டே போகிறார்கள். எந்தத் தனி மனிதரும் அதை வடிவமைக்கவில்லை, பல தலைமுறை சேர்ந்து செய்தது என்கிறார்கள். அவர்கள் சொம்பிடம் கேட்ட அதே கேள்விகளை அவர்களுடைய உருண்டைகளிடமும் கேட்பதுதான் நியாயம். எந்தக் கை? எவ்வளவு கொள்ளும்? நிறைந்தால் எப்படி இருக்கும்?

அதே கேள்விகளை நம் வீட்டுச் சுவரிடமும் கேட்கலாம். கோட்டுக்கும் நமக்கும் சம்பந்தமில்லைதான். ஆனால் நான் பார்த்து வளர்ந்த வீடுகள் பலவற்றில் முன்னறைச் சுவரில் ஓர் ஆணி இருக்கும். அது அப்பாவின் சட்டைக்கு. யாரும் சட்டம் போடவில்லை, ஆனால் வேறு யாரும் அதில் எதையும் மாட்ட மாட்டார்கள். அம்மாவின் புடவை பின்னறைக் கொடியில். பிள்ளைகளின் யூனிஃபார்ம் நாற்காலி முதுகில். ஒரே ஓர் ஆணி, ஒரு பைசா செலவில்லை, இதைவிட மினிமலான டிசைனை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அந்த எளிமைக்குள் ஒரு வீட்டின் முழு அதிகாரப் படிநிலையும் அடங்கியிருந்தது.

இதனால்தான் ‘எளிமை’ என்ற சொல்லை யாராவது தனியாகப் புகழும்போது எனக்கு லேசாகச் சந்தேகம் வருகிறது. என் தொழிலிலும் தினமும் கேட்கும் புகழ்ச்சி அது. திரையில் நாலு பட்டனை எடுத்துவிட்டு எளிமை என்கிறோம். அந்த நாலு வேலையும் யாரோ ஒருவரின் தலையில் போய் உட்கார்ந்திருக்கும். ஷேக்கர் அறையின் வெறுமை வானத்திலிருந்து விழுந்ததல்ல. தினம் கூட்டியவர்கள் இருந்தார்கள், நாற்காலியைத் தூக்கி மாட்டியவர்கள் இருந்தார்கள். நியூ ஹாம்ஷயரின் என்ஃபீல்டில் 1841இல் முடிந்த அவர்களுடைய கல் குடியிருப்பில் சுவரோடு சேர்ந்த இழுப்பறைகள் மட்டும் 860. வெறும் சுவரின் இரகசியம் அந்த இழுப்பறைகளும் அந்தக் கைகளும்தான். இன்று ஷேக்கர்கள் மெய்னில் ஒரே ஒரு குடியிருப்பில், விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறார்கள். அவர்களுடைய முளைப்பலகையின் நகல்கள் மட்டும் எங்கும் விற்கின்றன. நாம் வாங்குவது பலகையை. அதைச் சுற்றியிருந்த ஒழுங்கையும் சமத்துவத்தையும் எந்தப் பெட்டியிலும் அடைத்து அனுப்ப முடியாது.

அதற்காக வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை. நானே ஒன்று செய்வதாக இருந்தால் ஷேக்கர்களிடமிருந்து பலகையையும் காளான் முளையையும் எடுத்துக்கொள்வேன், ஈம்ஸிடமிருந்து தாழ்ந்த உயரத்தை எடுத்துக்கொள்வேன். ஒரு பலகை தோளுக்கு மேலே, இன்னொன்று இடுப்புக்குக் கீழே. முடித்ததும் படம் எடுக்க மாட்டேன், ஒரு மழைநாள் வரும்வரை காத்திருப்பேன். எல்லோரும் நனைந்து வந்து எல்லாவற்றையும் மாட்டிய பிறகு எப்படி இருக்கிறது என்று பார்த்தால்தான் அது தேறியதா இல்லையா என்று சொல்ல முடியும்.

நீங்கள் செய்வதாக இருந்தால், ட்ரில்லைக் கையில் எடுப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். வீட்டில் இருக்கிற எல்லோரையும் சுவரோரமாக நிறுத்திக் கையைத் தூக்கச் சொல்லி, சிரமமில்லாமல் எட்டும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். பாட்டியையும் சேர்த்து, யூகேஜி பிள்ளையையும் சேர்த்து. காலையில் வந்து பாத்திரம் கழுவிவிட்டுப் போகிற அக்காவின் பை இப்போது எங்கே கிடக்கிறது என்றும் பாருங்கள். தரையில் கிடந்தால், அவருக்கும் ஒரு கோடு.